மிதித்தால் பாடும் இரைச்சல்

மலாக்காவின் தெங்கேரா சாலையில் சிவப்பு விளக்கில் கார் நிற்கிறது. வானொலியில் பழைய பாட்டு ஒன்று தெளிவாக ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். பாட்டோடு சேர்ந்து ‘ஙீஈ’ என்று மெல்லிய கூச்சல் ஒன்று கிளம்புகிறது. கியர் மாற்றினால் இறங்குகிறது, மறுபடி மிதித்தால் ஏறுகிறது. கிளேபாங் பக்கம் நேர்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இஞ்சினை அணைத்தால் அதுவும் அடங்கிவிடுகிறது.

பாட்டு வருவது எங்கோ மலை உச்சியிலுள்ள கோபுரத்திலிருந்து. இஞ்சின் ஓடுவது பெட்ரோலில். இஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது வானொலிக்கு எப்படித் தெரிந்தது?

இந்தக் கேள்வியோடு கார் உதிரிப்பாகக் கடைக்குப் போனால், பெரும்பாலும் கையில் ஓர் இரைச்சல் வடிகட்டியைக் கொடுத்து அனுப்புவார்கள். சில வேளை அது பலிக்கும், பல வேளை பலிக்காது. பலிக்காததற்கு வடிகட்டியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இரைச்சல் எந்த வழியாக நுழைகிறது என்று பார்க்காமல் ஏதோ ஒரு வழியை அடைத்தால் அப்படித்தான் ஆகும். பணத்தை எடுப்பதற்கு முன் காதைத் தீட்டுவது நல்லது. ஒவ்வோர் இரைச்சலும் தான் எங்கே பிறந்தது என்பதைச் சுருதியிலேயே சொல்லிவிடுகிறது.

இந்த அத்தியாயத்தில் சாதாரண வானொலியோடு ஸ்கேனரையும் சேர்த்துக்கொள்கிறேன். பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தட்டிப் பார்த்து, யாராவது பேசினால் அங்கே நிற்கும் வானொலிக்குத்தான் ஸ்கேனர் என்று பெயர். பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதை வண்டியில் வைத்திருப்பார்கள். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டம் பிறருடைய தகவலை இடைமறிப்பதைத் தடை செய்கிறது. ஆகவே இங்கே நாம் கேட்கப்போவது பொது ஒலிபரப்பையும் அமெச்சூர் அலைவரிசையையும் மட்டுமே.

இரண்டு வழிகள்

வண்டிக்குள் பிறக்கும் இரைச்சல் ஒலிபெருக்கியை அடைய இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று காற்று வழி: இரைச்சல் வானொலி அலையாகவே கிளம்பி ஏரியலில் பாட்டோடு கலந்து வருகிறது. மற்றது கம்பி வழி: மின்சாரம் வரும் வயரிலோ, ஒலி போகும் வயரிலோ, எர்த் இணைப்பிலோ தொற்றிக்கொண்டு நுழைகிறது.

எது என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். வானொலியின் பின்புறத்தில் ஏரியல் பிளக்கைப் பிடுங்குங்கள். பாட்டு போய்விடும். இரைச்சலும் கூடவே போனால் அது காற்று வழி. பாட்டு போயும் இரைச்சல் அப்படியே இருந்தால் கம்பி வழி. அடுத்து ஒலியளவைச் சுத்தமாகக் குறையுங்கள். அப்போதும் இரைச்சல் குறையவில்லையென்றால், ஒலியளவுக் குமிழைத் தாண்டிய ஏதோ ஓரிடத்தில்தான் அது உள்ளே வருகிறது.

எத்தனையோ பேர் இந்த இரண்டு சோதனைகளையும் விட்டுவிட்டு நேரே டேஷ்போர்டைக் கழற்றுகிறார்கள்.

ஹெர்ட்ஸின் பொறி

1887இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் இரண்டு உலோகக் குண்டுகளுக்கிடையே மின்பொறியைத் தாவ வைத்தார். சில மீட்டர் தள்ளி வைத்திருந்த கம்பி வளையத்தின் சிறு இடைவெளியிலும் ஒரு பொறி துடித்தது. நடுவில் வயர் எதுவும் இல்லை. வானொலி அலையை மனிதன் தன் கையால் உண்டாக்கி, அது வந்து சேர்ந்ததையும் கண்டது அங்கேதான். பின்னர் மார்க்கோனியும் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸும் தொடங்கியதும் பொறியை வைத்துத்தான்.

பெட்ரோல் இஞ்சினின் ஸ்பார்க் பிளக் செய்வதும் இதே வேலையைத்தான். பிளக்கில் பொறி தாவும் கணத்தில் மின்னோட்டம் திடீரென்று பாய்கிறது. அந்தப் பாய்ச்சலுக்கு, பிளக்கை நோக்கிப் போகும் வயர் ஏரியலாக அமைந்துவிடுகிறது. வண்டிக்குள் ஹெர்ட்ஸின் ஒலிபரப்பி ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். 1930இல் சிகாகோவின் கால்வின் நிறுவனம் மோட்டரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கியபோது பொறியியலாளர்களின் முதல் எதிரி இந்தப் பொறிதான். வானொலிக் குறுக்கீட்டைக் கவனிக்கவே சிஸ்பர் என்ற பன்னாட்டுக் குழு 1934இல் அமைந்தது. வண்டிகள் எவ்வளவு இரையலாம் என்ற அளவுகளை இன்றும் அது வகுக்கிறது.

மருந்து எளியது. பிளக்குக்குள் சுமார் 5,000 ஓம் மின்தடை ஒன்றை வைத்துவிடுவார்கள். என்ஜிகே நிறுவனப் பிளக்கின் குறியெண்ணில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அதற்குள் தடை இருக்கிறது என்று பொருள். தடை வைத்தால் பொறி பலவீனமாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. பொறி தாவும்வரை மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை என்பதால், தடையில் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. தாவிய அந்தக் கணத்துப் பாய்ச்சலை மட்டுமே அது தணிக்கிறது. இஞ்சினுக்கு வித்தியாசம் தெரியாது, வானொலிக்குத் தெரியும்.

பொறியின் இரைச்சல் ‘டக்டக்டக்’ என்றுதான் கேட்கும். நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒரு முறை சுற்றும்போது இரண்டு பொறிகள். நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடினால் வினாடிக்கு ஏறத்தாழ 27 தட்டல். 3,000 சுற்றில் 100. தட்டல்கள் நெருங்கி உறுமலாக மாறுமே தவிர, அது ஒருபோதும் ‘ஙீ’ என்று கீச்சிடாது.

இதைப் பண்பலை வானொலியில் நீங்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். காரணம் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற முறை. பழைய ஏஎம் முறையில் அலையின் உயரமே ஒலியைச் சுமக்கிறது. மின்னலோ பொறியோ அலையின் உயரத்தைக் கலைத்தால் ஒலியும் கலைந்துவிடும். ஆம்ஸ்ட்ராங் ஒலியை அலையின் அதிர்வெண்ணில் ஏற்றினார். அதற்குப் பிறகு உயரத்தில் ஏற்படும் கலக்கத்தை வானொலி வெட்டி எறிந்துவிடலாம். மலாக்கா வட்டாரத்துப் பண்பலை ஒலிபரப்புகள் பல 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங்கிலிருந்து வருகின்றன. அலை வலுவாக இருக்கும்வரை பொறியின் பாச்சா பலிக்காது. தூரத்து அமெச்சூர் ஒருவரின் நலிந்த அலையென்றால் அந்தக் காப்பு பாதியாகிவிடும். ஸ்கேனர்காரர்கள் பிளக்கைப் பற்றி இன்னும் கவலைப்படுவதற்கு அதுதான் காரணம்.

சுருதியை எண்ணிப் பார்ப்போம்

முதலில் கேட்ட ‘ஙீ’யின் பிறப்பிடம் ஆல்டர்னேட்டர். இஞ்சினின் பெல்ட்டால் சுழன்று பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் மின்னாக்கி அது. அது உண்டாக்குவது முன்னும் பின்னுமாக மாறும் மின்சாரம். ஆனால் பேட்டரிக்கு ஒரே திசையில் பாய்வதுதான் வேண்டும். மாறும் மின்சாரத்தை ஆறு டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்பிவிடுகின்றன. திருப்பினாலும் முழுச் சமதளமாக வருவதில்லை. மேலே சிறு சிறு நெளிவுகள் மிஞ்சுகின்றன. அந்த நெளிவுகள்தாம் நம் காதில் விழுகின்றன.

வினாடிக்கு எத்தனை நெளிவு? ஒவ்வொரு படியாக எண்ணிப் பார்ப்போம். இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடுகிறது. ஆல்டர்னேட்டரின் கப்பி சிறியது, ஆகையால் அது இஞ்சினைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகமாகச் சுழல்கிறது: நிமிடத்துக்கு 2,000, அதாவது வினாடிக்கு 33 சுற்றும் கொஞ்சமும். உள்ளே சுழலும் காந்தத்துக்குப் பொதுவாக 12 துருவங்கள், வடக்கு ஆறு, தெற்கு ஆறு. ஒரு சுற்றில் மின்சாரம் ஆறு முறை முன்னும் பின்னும் போகிறது. சுருள்கள் மூன்று, டயோடுகள் ஆறு என்பதால் அந்த ஆறில் ஒவ்வொன்றும் ஆறு நெளிவுகளாகிறது. ஆறாறு முப்பத்தாறு. வினாடிக்கு 33 சுற்றுச் சொச்சம், சுற்றுக்கு 36 நெளிவு. வினாடிக்கு 1,200 நெளிவு வருகிறது.

இனி மிதியுங்கள். 1,600 சுற்றில் அது 2,400 ஆகிறது. அதிர்வெண் இரட்டிப்பதைத்தான் பாடகர்கள் ஒரு ஸ்தாயி ஏறுவது என்கிறார்கள். இஞ்சின் வேகம் இரட்டித்தால் இரைச்சல் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். 3,000 சுற்றில் 4,500 வந்துவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000க்கும் 5,000க்கும் இடையில்தான். நெடுஞ்சாலை வேகத்தில் இந்தக் கூச்சல் ஏன் மூளையைக் குடைகிறது என்பதற்கு இதுவே விளக்கம். கசிவதென்னவோ கொஞ்சம்தான், ஆனால் அது காது கூர்மையாக இருக்கும் இடத்தில் வந்து விழுகிறது.

கணக்கில் இன்னொன்றும் கிடைக்கிறது. 800 சுற்றில் பொறி 27 முறை தட்ட, ஆல்டர்னேட்டர் 1,200 முறை நெளிகிறது. 3,000 சுற்றில் 100க்கு 4,500. எந்த வேகமானாலும் ஒன்று மற்றதைப் போல 45 மடங்கு. இரண்டும் இஞ்சினோடு சேர்ந்தே ஏறி இறங்கினாலும் காதுக்கு ஒருபோதும் குழப்பம் வராது. தட்டல் பொறியுடையது, கீச்சு ஆல்டர்னேட்டருடையது.

ஆறு டயோடுகளில் ஒன்று செத்துவிட்டால்? ஆறு நெளிவுகளில் சீர் கெட்டு, ஆறுக்கு ஒரு முறை ஒரு பள்ளம் விழுகிறது. சுருதி ஆறிலொரு பங்காக இறங்கி 1,200 இருந்த இடத்தில் 200 ஆகிவிடும். மெல்லிய கீச்சு தடித்த ரீங்காரமாக, முன்னைவிடப் பெரிதாகக் கேட்கும். நேற்றுவரை கீச்சிட்ட வானொலி இன்று ரீங்கரித்தால் வானொலியைத் தொடாதீர்கள், ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் என்னும் பொதுக்குழாய்

நெளிவு எல்லா வண்டியிலும் இருக்கிறது. அது ஏன் சில வண்டிகளில் மட்டும் கேட்கிறது?

தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வரிசைக்கே ஒரே குழாய். காலையில் முதல் வீட்டில் தண்ணீர் திறந்தால் கடைசி வீட்டில் ஓட்டம் மெலியும். கடைசி வீட்டுக்காரர் தன் குழாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் அகப்படாது.

காரில் அந்தப் பொதுக்குழாய் வண்டியின் இரும்பு உடல்தான். விளக்கு, விசிறி, வைப்பர், வானொலி என்று எல்லாம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து தனித்தனி வயரில் மின்சாரம் வாங்கி, திரும்பும்போது உடலின் வழியாகவே திரும்புகின்றன. அதைத்தான் எர்த் என்கிறோம். உடலும் அதன் போல்ட் இணைப்புகளும் தடையே இல்லாதவை என்று நினைத்துக்கொள்கிறோம். ஓர் இணைப்பில் ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை இருந்து, அதன் வழியே 30 ஆம்பியர் ஓடினால், இரு பக்கத்துக்கும் 0.3 வோல்ட் வேறுபாடு வந்துவிடும். விளக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒலி வயரில் ஓடும் பாட்டோ அதிகம் போனால் 1 வோல்ட். அதில் 0.3 என்பது பெரிய பங்கு.

மீட்டரை ஓம்மில் வைத்து அளந்தால் நூறில் ஒரு பங்கு ஓம் பூஜ்யமாகத்தான் தெரியும், ‘எர்த் நல்லா இருக்கு’ என்று பட்டறையில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மீட்டரை வோல்ட்டில் வைத்து, விளக்கையும் விசிறியையும் போட்டுவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக்கும் வானொலியின் எர்த்துக்கும் இடையே அளக்கவேண்டும். அப்போதுதான் உண்மை வெளியே வரும். கடலோரத்தில் இதை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். தெங்கேரா பள்ளிவாசல் 1728 முதல் அந்த உப்புக்காற்றில் நிற்கிறது. எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது.

ஒரு வேன், மூன்று இரைச்சல்

உரிமம் பெற்ற அமெச்சூர் ஒருவரிடம் பழைய வேன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜாசின் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர். டேஷ்போர்டில் ஸ்கேனர், அதற்கு மின்சாரம் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து. ஸ்கேனரின் சிறு ஒலிபெருக்கி இஞ்சின் சத்தத்தில் கேட்காததால், ஒரு வயர் போட்டு வேனின் ஸ்டீரியோவில் இணைத்திருக்கிறார். பக்கத்தில் போன் சார்ஜர், கண்ணாடியில் டேஷ் கேமரா. மிதித்தால் கூச்சல்.

வேனை நிறுத்திவைத்தே பார்ப்போம். சாவியைத் திருப்பி, இஞ்சினைக் கிளப்பாமல் காத்திருந்தால் ‘ம்ம்’ என்று இரண்டு வினாடி ஒலித்து நிற்கிறது. அது பெட்ரோல் பம்ப், கிளம்பும் முன் எண்ணெயை அழுத்தி வைக்கிறது. அதை விட்டுவிடலாம். இஞ்சினைக் கிளப்பினால் கீச்சு. வேகத்தை இரட்டித்தால் ஒரு ஸ்தாயி ஏறுகிறது, ஆகவே ஆல்டர்னேட்டர். ஏரியலைப் பிடுங்கினாலும் கீச்சு போகவில்லை, ஆகவே கம்பி வழி. ஸ்கேனரின் ஒலியளவைப் பூஜ்யமாக்கினாலும் போகவில்லை. ஸ்டீரியோவின் ஒலியளவைக் குறைத்தால் குறைகிறது. எல்லை நெருங்கிவிட்டது: ஸ்கேனரின் குமிழுக்குப் பின், ஸ்டீரியோவின் குமிழுக்கு முன். அங்கே இருப்பது அந்த ஒலி வயர் ஒன்றுதான்.

இப்போது லைட்டர் துளையிலிருந்து பிளக்கை உருவி, ஸ்கேனரை அதன் சொந்தப் பேட்டரியில் ஓடவிட்டால் கீச்சு மறைந்துவிடுகிறது.

ஸ்கேனருக்கு இரண்டு எர்த் இருந்திருக்கிறது. ஒன்று லைட்டர் துளையில், மற்றொன்று ஒலி வயரின் வெளியுறை வழியாக ஸ்டீரியோவில். இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள சிறு வோல்ட் வேறுபாடு அந்த உறையில் ஓடி, ஸ்டீரியோவுக்குப் பாட்டாகவே தெரிகிறது. இதை எர்த் வளையம் என்போம். மின்சார வயரில் எத்தனை வடிகட்டி போட்டாலும் இது தீராது, ஏனென்றால் இரைச்சல் அந்த வயரில் வரவில்லை. தீர்வு இரண்டு. ஸ்கேனரின் மின்சாரத்தையும் எர்த்தையும் ஸ்டீரியோ வாங்கும் அதே இடத்திலிருந்து வாங்கலாம். அல்லது ஒலி வயரின் நடுவே ஒரு சிறு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரை வைக்கலாம். அதில் ஒலி காந்தப்புலமாகத் தாண்டும், இரு பக்கத்துச் செம்பும் தொடாது. மலிவான டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த சுருதிகளை விழுங்கிவிடும், ஆனாலும் பேச்சுக்கு அது போதும். நான் முதல் வழியைத்தான் முதலில் செய்து பார்ப்பேன், ஒரு முழ வயரைத் தவிர அதற்குச் செலவில்லை. பேட்டரியிலிருந்து நேரே நேர்முனை வயர் இழுக்கிறவர்கள் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடவேண்டும். புதிய வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருந்தால், எர்த்தை அந்த முனையில் மாட்டாமல் வண்டியின் உடலில் மாட்டவேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சென்சாரின் கணக்கு பிசகும்.

கீச்சு ஓய்ந்ததும் அதுவரை அதன் நிழலில் ஒளிந்திருந்த ‘டக்டக்’ வெளியே வருகிறது. பழுது கூடிவிட்டதாக நினைத்துப் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஏரியலைப் பிடுங்கினால் தட்டல் மறைகிறது, ஆகவே பொறி. பானட்டைத் திறந்தால், யாரோ பொறி பலமாக வரும் என்று நம்பித் தடையில்லாத செம்பு வயர்களைப் பிளக்குகளுக்குப் போட்டிருக்கிறார்கள். பழையபடி தடையுள்ள வயர்களையும் ‘ஆர்’ பிளக்குகளையும் மாட்டினால் தீர்ந்தது.

மூன்றாவது இரைச்சல் ஓசையே இல்லாதது.

பேசாமல் நிற்கும் ஸ்கேனர்

ஸ்கேனர் சுற்றிவரும்போது ஓரிடத்தில் போய் நின்றுவிடுகிறது. யாரும் பேசவில்லை. சும்மா நிற்கிறது.

பண்பலை முறையில் அலை எதுவும் இல்லாத இடத்தில் ‘ஸ்ஸ்’ என்ற சீறல்தான் கேட்கும். ஸ்கேனரில் ஸ்குவெல்ச் என்ற அமைப்பு, அதாவது இரைச்சல் மூடி, இந்தச் சீறலைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. சீறல் இருக்கும்வரை ஒலிபெருக்கியை மூடிவைக்கும். சீறல் அடங்கினால் யாரோ பேச வந்துவிட்டார்கள் என்று எண்ணித் திறந்துவிடும். அது தேடுவது குரலை அல்ல, சீறல் அடங்குவதைத்தான். பேச்சே இல்லாத வெறும் அலை ஒன்று அங்கே இருந்தாலும் ஏமாந்துவிடும்.

அந்த வெறும் அலையை அனுப்புவது பெரும்பாலும் போன் சார்ஜர், இல்லாவிட்டால் டேஷ் கேமராவின் மின்னழுத்த மாற்றி. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க அவை மின்சாரத்தை வினாடிக்குப் பல லட்சம் முறை வெட்டி வெட்டி விடுகின்றன. வெட்டு 300 கிலோஹெர்ட்ஸில் நடப்பதாகக் கொண்டால் 600, 900 என்று அதன் மடங்கு அலைகளும் கூடவே கிளம்பும். மடங்கு ஏறஏற வலு குறையும், ஆனாலும் முற்றாக அற்றுப்போவதில்லை. 482ஆம் மடங்கு 144.6 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது. அமெச்சூர்களின் இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு நட்ட நடுவே என்று சொல்ல முடியாவிட்டாலும் அதற்குள்தான். ஸ்கேனர் அங்கே போய் நிற்பதில் வியப்பில்லை. சார்ஜர் சூடேறும்போது வெட்டும் வேகம் கொஞ்சம் நகரும். காலையில் ஓர் அலைவரிசையில் நின்ற ஸ்கேனர் மத்தியானத்தில் பக்கத்து அலைவரிசையில் நிற்கும். இப்படி இடம் மாறும் தொல்லை கோபுரத்திலிருந்து வருவதல்ல, வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்று அப்போதே சந்தேகப்படலாம்.

சோதனை ஒரே வினாடி: சார்ஜரைப் பிடுங்குங்கள், பிறகு கேமராவை. குற்றவாளி தெரிந்ததும் முடிந்தால் வேறு சார்ஜர் வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால் அதன் வயரை ஃபெரைட் வளையம் ஒன்றின் ஊடாகச் சுற்றுங்கள். ஒரு முறை நுழைப்பதைவிட மூன்று முறை சுற்றினால் தடுப்பு மூன்று மடங்கல்ல, ஏறத்தாழ ஒன்பது மடங்கு. கேமராவின் வயர் ஏரியலை ஒட்டிப் போனால் அதை மறுபக்கத் தூண் வழியாக இறக்குங்கள்.

பொறி இல்லாத கார்கள்

மின்சாரக் காரில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. வானொலிக்கு விடுதலை என்று தோன்றும். நடந்தது வேறு. பேட்டரியின் நூற்றுக்கணக்கான வோல்ட்டை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கும் இன்வெர்ட்டர் சார்ஜரின் அண்ணன். அதன் மடங்கு அலைகள் ஏஎம் ஒலிபரப்பு இருக்கும் இடம்வரை நீள்கின்றன. பிஎம்டபிள்யூ தன் ஐ3 காரில் ஏஎம் வானொலியையே எடுத்துவிட்டது. ஃபோர்டு 2023இல் புதிய வண்டிகளிலிருந்து ஏஎம்மை நீக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு பின்வாங்கியது. பேரிடர் அறிவிப்புகள் ஏஎம்மில்தான் தொலைதூரம் போகின்றன என்பது எதிர்த்தவர்களின் வாதம். உலோகப் பெட்டி, உறையிட்ட வயர், வடிகட்டி எல்லாம் போட்டால் இரைச்சல் அடங்கும் என்பது இரு தரப்பாருக்கும் தெரியும். சண்டை அந்தச் செலவைப் பற்றியது.

புரோட்டோனின் முதல் மின்சாரக் கார் இ.மாஸ் 7, 2024 டிசம்பரில் மலேசியச் சாலைக்கு வந்தது. அமெச்சூர்கள் இனி இப்படிப்பட்ட வண்டிகளிலும் ஸ்கேனர் மாட்டுவார்கள். அவற்றில் பெட்ரோல் வேனில் செய்ததுபோல் பானட்டுக்குள் கையை விட்டுவிடக் கூடாது. ஆரஞ்சு நிற உறையுள்ள வயர் எதையும் தொடாதீர்கள், அதில் ஓடுவது உயிர் குடிக்கும் மின்னழுத்தம். நீங்கள் இடம் மாற்றிப் பார்க்கலாம் என்பது ஏரியலை, ஸ்கேனரின் 12 வோல்ட் வயரை, அதன் எர்த்தை மட்டுமே.